கட்டைவிரல் கீழே திரும்பிய இரவு: ஜான் மெக்கெய்னின் வாக்கு பற்றி வேலூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஜூலை 28, ஆடி வெள்ளிக்கிழமை. காலை 11 மணி இருக்கும். வேலூரில் ஒரு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் அப்போது எனக்கு வேலை. வரிசையில் இருபது பேர் நிற்பார்கள். ரேஷன் கார்டு நகல், காப்பீட்டு அட்டை, டாக்டரின் சீட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முன் அனுமதிக்கு அனுப்ப வேண்டும். சிலருக்கு அனுமதி வரும். சிலருக்கு வராது. வராதவர்களிடம் அதைச் சொல்வதும் என் வேலைதான்.

அதே நேரம் வாஷிங்டனில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில், ஒரு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவுக்கு வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அரிசோனா மாநிலத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜான் மெக்கெய்ன் அவையின் முன்பகுதிக்கு வந்து வலது கையை நீட்டினார், கட்டைவிரலைக் கீழே திருப்பினார், 'இல்லை' என்றார். சொந்தக் கட்சி ஏழு ஆண்டுகளாக வாக்குறுதி கொடுத்துவந்த மசோதா 49க்கு 51 என்று தோற்றது.

மாலை டீக்கடையில் போனில் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி இதுதான்: இந்த ஆளுக்கு நாளைக்குப் பதவி இருக்குமா? இருந்தது. ஒரு மாதம் கழித்து நம் ஊரில் நடந்ததையும் பார்த்தபின் இந்த நிகழ்வை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதன் விளைவே இந்தக் கட்டுரை.

எந்தச் சட்டம்?

2010 மார்ச் 23 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அது. மக்கள் பேச்சில் அதன் பெயர் ஒபாமாகேர். அதில் நூற்றுக்கணக்கான பிரிவுகள் உண்டு. நமக்கு வேண்டியவை மூன்று நான்குதான். ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி யாருக்கும் காப்பீட்டு நிறுவனம் பாலிசி மறுக்கக் கூடாது, அதற்காகக் கூடுதல் பிரீமியமும் வாங்கக் கூடாது. பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டிலேயே இருக்கலாம். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டம், வறுமைக் கோட்டு வருமானத்தின் 138 சதவீதம் வரை உள்ளவர்களுக்கும் விரிவாகும். இதற்கெல்லாம் ஈடாக, எல்லோரும் ஏதாவது ஒரு காப்பீடு வைத்திருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

அந்த அபராதம்தான் எல்லோருக்கும் கசந்தது. ஆனால் அது ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சீட்டுப் போடும் எந்த ஊர்க்காரரும் புரிந்துகொள்வார். முதல் மாதமே பணம் எடுத்தாக வேண்டிய அவசரக்காரர்கள் மட்டும் சேர்ந்து, மற்றவர்கள் எல்லாம் 'எனக்குத் தேவை வரும்போது சேர்ந்துகொள்கிறேன்' என்று ஒதுங்கி நின்றால் சீட்டு ஓடாது, மூன்றாம் மாதம் உடைந்துவிடும். நோயாளியை மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டால், ஆரோக்கியமாக இருப்பவரும் பணம் கட்டினால்தான் கணக்கு நேராகும்.

இந்த 'ஏற்கெனவே இருந்த நோய்' என்ற சொல் எனக்குப் புதிதில்லை. 2014இல் என் பெரியம்மா ஒரு தனியார் பாலிசி எடுத்தார்கள். இரண்டு ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டினார்கள். 2016இல் இதயத்தில் அடைப்பு. பல ஆண்டுகளாக சர்க்கரை இருந்ததைக் காட்டி, அதனால் வந்த அடைப்பு இது, காத்திருப்புக் காலம் இன்னும் முடியவில்லை என்று நிறுவனம் கைவிரித்தது. அப்போதெல்லாம் அந்தக் காத்திருப்பு நான்கு ஆண்டு வரை இருக்கலாம் என்பதே இந்திய விதி. 2024 ஏப்ரலில்தான் அதை மூன்று ஆண்டாகக் குறைத்தார்கள். "ரெண்டு வருசமா கட்னேனே, அப்பல்லாம் வாங்கிக்கினாங்களே, இப்ப இன்னாடா இல்லன்றாங்க?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார்கள். நானே அந்த வேலையில் இருக்கிறேன், என்னிடம் பதில் இல்லை. நகையை விற்றுத்தான் ஆபரேஷன் நடந்தது. ஆகவே இந்த அமெரிக்கச் சட்டத்தின் அந்த ஒரு பிரிவின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. அதை மறைத்துக்கொண்டு எழுதத் தேவையில்லை.

சட்டம் வந்தபோது குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. 2009 டிசம்பர் 24 அன்று செனட்டில் 60க்கு 39 என்று நிறைவேறியது. எதிர்த்த 39 பேரில் மெக்கெய்னும் ஒருவர். அதற்குப் பிறகு கீழவையான பிரதிநிதிகள் சபையில் பலமுறை ரத்து மசோதா கொண்டுவந்தார்கள். 2015 டிசம்பரில் செனட்டும் நிறைவேற்றியது. ஒபாமா அதிபராக இருந்ததால் 2016 ஜனவரியில் அதைத் திருப்பி அனுப்பினார். 2015 வாக்கெடுப்பில் மெக்கெய்ன், அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி இருவருமே ரத்துக்கு ஆதரவு. மேய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸ் அப்போதே எதிர்த்தார். எப்படியும் சட்டமாகாது என்று தெரிந்த ஒன்றுக்குக் கை தூக்குவதில் யாருக்கும் நஷ்டமில்லை. 2017இல் டிரம்ப் வந்தபின் நிலைமை மாறியது. இனி நிறைவேற்றினால் அது சட்டம்தான்.

நான்கு நாட்கள்

செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 52 இடம். பட்ஜெட் சார்ந்த சிறப்பு வழிமுறையில் கொண்டுவந்தால் 50 வாக்கு போதும், சமநிலை வந்தால் துணை அதிபர் மைக் பென்ஸ் வாக்களிப்பார். அதாவது இரண்டு பேர் வரை பிரிந்து போகலாம். மூன்றாவது ஆள் போனால் தோல்வி. பிரதிநிதிகள் சபை மே 4 அன்று 217க்கு 213 என்று தன் மசோதாவை நிறைவேற்றி அனுப்பிவிட்டது.

ஜூலை 14 அன்று மெக்கெய்னுக்கு அரிசோனாவில் இடது கண்ணுக்கு மேலே தலையில் அறுவைச் சிகிச்சை. ரத்தக் கட்டு என்று நினைத்து எடுத்தார்கள். 19ஆம் தேதி கிளியோபிளாஸ்டோமா என்று அறிவித்தார்கள். மூளைப் புற்றுநோயில் மிகக் கொடிய வகை அது. வேலூர்க்காரர்களுக்கு இந்தச் சொல் அன்னியமில்லை. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது நம் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். காந்தி ரோடு லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களில் சிலராவது இந்த நோய்க்காக வந்தவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, இதைக் கேட்டு ஆறு நாளில் ஒருவர் விமானம் ஏறி வேலைக்குத் திரும்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

ஜூலை 25 அன்று புருவத்துக்கு மேல் தையலோடு அவர் அவைக்கு வந்தபோது இரு கட்சியினரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். விவாதத்தைத் தொடங்கலாமா என்பது அன்றைய வாக்கெடுப்பு. காலின்ஸும் முர்கோவ்ஸ்கியும் கூடாது என்றார்கள். மெக்கெய்ன் தொடங்கலாம் என்று வாக்களித்தார். 50க்கு 50. பென்ஸ் வாக்கோடு விவாதம் தொடங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் அன்றைக்கே எதிர்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் செய்தது வேறு. வாக்களித்த கையோடு எழுந்து நீண்ட உரை ஆற்றினார். மூடிய அறையில் மசோதா தயாரித்து, உறுப்பினர்களிடம் கடைசியில் நீட்டி, வேறு வழியில்லை என்று கையெழுத்து வாங்கும் இந்த முறை தவறு என்றார். 2010இல் ஜனநாயகக் கட்சி ஒபாமாகேரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனதும் தவறு, இப்போது நாம் செய்வதும் அதே தவறு என்றார். குழுவுக்கு அனுப்புங்கள், விசாரணை நடத்துங்கள், இரு கட்சியும் உட்காருங்கள். இன்றைய வடிவத்தில் இந்த மசோதாவுக்கு வாக்களிக்க மாட்டேன் என்றும் சொன்னார். அன்றிரவே கட்சியின் முழு மாற்று மசோதாவுக்கான நடைமுறை வாக்கெடுப்பில் கட்சியோடுதான் நின்றார். அது 43க்கு 57 என்று விழுந்தது. மறுநாள், மாற்று எதுவும் இல்லாமல் வெறும் ரத்து மட்டும் செய்யும் மசோதா. 45க்கு 55. அதை எதிர்த்த ஏழு குடியரசுக் கட்சியினரில் அவரும் ஒருவர்.

இந்த முன்னும் பின்னும் போனதை அவரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். நான் விடவில்லை. அந்த வாரம் முழுவதும் ஒரே நிலையில் நின்றவர்கள் காலின்ஸும் முர்கோவ்ஸ்கியும்தான். எல்லா வாக்கெடுப்பிலும் எதிர்த்தார்கள். முர்கோவ்ஸ்கியை டிரம்ப் ட்விட்டரில் பெயர் சொல்லித் திட்டினார். அரசு நிலங்களைக் கவனிக்கும் உள்துறைச் செயலர் அலாஸ்காவின் இரு செனட்டர்களுக்கும் போன் செய்து பேசினார். முர்கோவ்ஸ்கி அசையவில்லை. இந்த நிகழ்வைக் கட்டைவிரலின் கதையாக மட்டும் நினைவில் வைத்திருப்பது அந்த இரு பெண்களுக்கும் நியாயம் செய்வதாகாது.

கடைசியாக வந்ததுதான் 'மெலிந்த ரத்து' என்று எல்லோரும் அழைத்த மசோதா. ஜூலை 27 இரவு 10 மணி வாக்கில் அதன் வாசகம் வெளியானது. எட்டுப் பக்கம். காப்பீடு இல்லாதவருக்கான அபராதத்தை நீக்குவது, பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் காப்பீடு தர வேண்டும் என்ற கட்டாயத்தை எட்டு ஆண்டு நிறுத்திவைப்பது, இன்னும் சில. நோயாளியை மறுக்கக் கூடாது என்ற விதியை அது தொடவில்லை, ஆனால் அந்த விதியைத் தாங்கிநின்ற தூணை எடுத்துவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கின்படி 2026க்குள் கூடுதலாக 1 கோடியே 60 லட்சம் பேர் காப்பீடு இல்லாமல் போவார்கள், தனிநபர் பாலிசிகளின் பிரீமியம் சுமார் 20 சதவீதம் ஏறும். இதை இரவோடு இரவாக வாக்குக்கு விட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வேறொன்று. அன்று மாலை மெக்கெய்ன், அதே கட்சி செனட்டர் லிண்ட்சே கிரகாம் உட்பட சிலர் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். இந்த மசோதா ஒரு கொள்கையாகப் பேரழிவு, மாற்றுத் திட்டம் என்று சொன்னால் மோசடி என்று கிரகாம் வெளிப்படையாகவே சொன்னார். பிரதிநிதிகள் சபை இதை அப்படியே நிறைவேற்றிவிடாது, இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்குக் கொண்டுபோகும் வண்டியாகத்தான் பயன்படுத்தும் என்று சபாநாயகர் உறுதி தந்தால் வாக்களிப்போம் என்றார்கள். ஓர் உறுதி வந்தது. கிரகாம் ஏற்றுக்கொண்டு ஆதரித்தார். முந்தின நாள் வெறும் ரத்தை எதிர்த்த ஏழு பேரில் நான்கு பேர் இப்போது ஆதரவுக்குத் திரும்பினார்கள். சட்டமாகக் கூடாது என்று தாங்களே சொன்ன சிலரும் சேர்ந்து 49 பேர் கை தூக்கினார்கள். மெக்கெய்னுக்கு அந்த உறுதி போதவில்லை.

வாக்கெடுப்புக்கு முன் பென்ஸ் இருபது நிமிடத்துக்கும் மேல் அவரோடு நின்று பேசினார். டிரம்ப் போனில் பேசினார். பலனில்லை. அவர் கை நீட்டியதைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: அது முழுதாக மேலே ஏறவில்லை. 1967இல் வியட்நாமில் விமானம் விழுந்து, ஐந்தரை ஆண்டு சிறையில் இருந்தவர். எலும்பு சரியாகக் கூடாததால் கைகளைத் தோளுக்கு மேல் உயர்த்த அவரால் முடியாது. அவையில் மூச்சை உள்ளிழுக்கும் சத்தம். ஜனநாயகக் கட்சியினர் சிலர் கைதட்டத் தொடங்க, அவர்கள் தலைவர் சக் ஷூமர் கையசைத்து நிறுத்தினார். எதிரே குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் கைகளைக் கட்டியபடி நின்றிருந்தார்.

அன்று அந்த அவையில் புற்றுநோயாளி அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஹவாய் மாநிலத்தின் மேசி ஹிரோனோ சிறுநீரகப் புற்றுநோய் முற்றிய நிலையில் அந்த இரவில் பேசினார். ஜப்பானில் தன் சகோதரி இரண்டு வயதில் நிமோனியாவில் மருத்துவமனை பார்க்காமலே இறந்துபோனதைச் சொல்லி, எனக்குக் காட்டிய பரிவு எல்லா நோயாளிக்கும் கிடைக்க வேண்டாமா என்று கேட்டார். அவர் எதிர்க்கட்சி. அவர் வாக்கு ஏற்கெனவே எண்ணப்பட்டதுதான். அதனால் அந்தப் பேச்சு கட்டைவிரல் அளவுக்குப் பேசப்படவில்லை.

ஏன் அவரால் முடிந்தது

துணிச்சல் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அது போதாது என்பது என் கருத்து.

முதலில் காலம். மெக்கெய்ன் 2016 நவம்பரில்தான் மீண்டும் வென்றிருந்தார். செனட் பதவி ஆறு ஆண்டு. முர்கோவ்ஸ்கியும் அப்படியே. அதோடு முர்கோவ்ஸ்கிக்கு இன்னொரு பழைய கணக்கு உண்டு. 2010இல் கட்சி உள்தேர்தலில் தோற்று, வாக்குச்சீட்டில் பெயரே அச்சாகாமல், வாக்காளர்கள் தம் கையால் பெயரை எழுதி அவரை ஜெயிக்கவைத்தார்கள். கட்சிச் சீட்டால் வந்த பதவி இல்லை அது. மேலிடத்திலிருந்து போன் வந்தால் அவர் ஏன் பயப்பட வேண்டும்?

அடுத்து மாநிலம். அரிசோனாவில் மெடிக்கெய்டை விரிவாக்கியவர் ஜேன் ப்ரூவர் என்ற குடியரசுக் கட்சி ஆளுநர். 2013இல் தன் கட்சி உறுப்பினர்களோடு மோதித்தான் அதை நிறைவேற்றினார். ரத்து வந்தால் பாதிக்கப்படப்போவது சொந்த மாநிலத்து ஏழைகள் என்பது மெக்கெய்னுக்குத் தெரியும். இத்தனைக்கும் அவர் ஒபாமாகேரின் நண்பர் கிடையாது. 2016 தேர்தலில் அதை ரத்து செய்வேன் என்றே பிரசாரம் செய்தவர். மறுபக்கம், 2001இல் நோயாளிகள் உரிமை மசோதாவை ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடியோடும் ஜான் எட்வர்ட்ஸோடும் சேர்ந்து கொண்டுவந்து செனட்டில் நிறைவேற்றியவரும் அவர்தான். கட்சி வேலியைத் தாண்டி எப்படிச் சட்டம் செய்வது என்று பழகிய ஆள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். கட்சியால் அவரைத் திட்ட முடியும், பதவியைப் பறிக்க முடியாது. அரிசோனா மாநிலக் கட்சி 2014 ஜனவரியிலேயே அவர்மேல் கண்டனத் தீர்மானம் போட்டது. இரண்டு ஆண்டு கழித்து அதே கட்சியின் வேட்பாளராக நின்று அவர் ஜெயித்தார். கண்டனம் காகிதத்தோடு நின்றது.

அதே கோடையில் இங்கே

இனி நம் பக்கம். மெக்கெய்ன் வாக்களித்து 25 நாள் கழித்து, 2017 ஆகஸ்ட் 22 அன்று தமிழகத்தில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் சிலர் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சருக்குத் தந்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். அந்தப் பதினெட்டில் மூன்று தொகுதி நம் பழைய வட ஆற்காட்டு மண்: குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர். அவர்கள் விவகாரம் மருத்துவம் சார்ந்தது இல்லை, உள்கட்சிச் சண்டைதான். அதன் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. என் கவனம் தொகுதியின்மேல்.

வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இருவிதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அக்டோபர் 25 அன்று மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18. கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்தொன்பது மாதம். அத்தனை காலம் குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் எம்.எல்.ஏ. கிடையாது. இன்சூரன்ஸ் கார்டில் பெயர் விட்டுப்போச்சு, வருமானச் சான்று கிடைக்கலை, பரிந்துரைக் கடிதம் வேணும் என்று கவுன்ட்டருக்கு வரும் ஆம்பூர்த் தோல் தொழிலாளியிடமும் குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலாளியிடமும் "எம்.எல்.ஏ. ஆபீசுல போய்ப் பாருங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நான் நாக்கைக் கடித்துக்கொண்ட நாட்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 1985இல் 52ஆவது திருத்தம் அரசமைப்பில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. ஒரு உறுப்பினர் தானாகக் கட்சியை விட்டால் பதவி போகும். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகும். பணத்துக்கும் மந்திரி பதவிக்கும் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம் இது. அந்த நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது கட்சி மாறுபவரையும், கட்சியிலேயே இருந்துகொண்டு ஒரு மசோதாவை மட்டும் எதிர்ப்பவரையும் ஒரே தராசில் வைக்கிறது. மெக்கெய்ன் கடைசி மூச்சு வரை குடியரசுக் கட்சிக்காரர். நம் சட்டப்படி பார்த்தால் அவருடைய 'இல்லை'க்கு அடுத்த மாதமே அரிசோனாவில் இடைத்தேர்தல் அறிவிப்பு வந்திருக்கலாம்.

'வந்திருக்கலாம்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முடிவு பேரவைத் தலைவர் கையில் இருக்கிறது. அதே 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த அந்தப் பதினொரு பேரும் ஆளுங்கட்சிச் சின்னத்தில் வென்றவர்கள். அவர்கள் பதவி போகவில்லை. அவைக்கு வெளியே கடிதம் கொடுத்த பதினெட்டுப் பேர் பதவி போனது.

இதை மாற்ற வழி இல்லாமலும் இல்லை. தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே, வாக்கு காரணமாகத் தகுதிநீக்கம் என்பதை நம்பிக்கை வாக்கு போன்றவற்றோடு நிறுத்துங்கள் என்று பரிந்துரைத்தது. 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று 3க்கு 2 என்ற கணக்கில் சொன்னாலும், பதவி பறிக்கும் கொறடா உத்தரவை அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புக்கும் தேர்தலில் மக்கள்முன் வைத்த முக்கியக் கொள்கைக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது என்று கருதியது. இரண்டும் அப்படியே கிடக்கின்றன.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். கொறடா இல்லாவிட்டால் இங்கே ஒவ்வொரு மசோதாவுக்கும் பேரம் நடக்கும், மருந்துக் கம்பெனிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் எம்.எல்.ஏ.க்களை வாங்கும் என்று என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற செவிலியர், அடித்துச் சொல்கிறார். அமெரிக்காவில் அந்தப் பணம் வேறு வாசலில் வருகிறது என்பதும் உண்மை. அதனால்தான் நான் கொறடாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசு கவிழும் வாக்கெடுப்பில் இருக்கட்டும். கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக 2009இல் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் நம்முடையது. இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டும் அது நிற்காமல் ஓடுகிறது, அது நம் பெருமை. நாளை அதில் எந்தச் சிகிச்சை உள்ளே, எந்தச் சிகிச்சை வெளியே என்று ஒரு மாற்றம் வந்தால், தன் தொகுதிக்கு அது ஒத்துவராது என்று ஒரு எம்.எல்.ஏ. எழுந்து எதிர்த்து வாக்களிக்க இடம் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மெக்கெய்ன் கேட்ட 'முறை' நம்மிடமும் சில நேரம் வேலை செய்திருக்கிறது. 2017 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணைய மசோதா மக்களவைக்கு வந்தது. ஆயுர்வேத, சித்த, ஹோமியோபதி மருத்துவர்கள் ஒரு இணைப்புப் படிப்பை முடித்து ஆங்கில மருந்து எழுதலாம் என்று அதில் ஒரு பிரிவு. டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. 2018 மார்ச்சில் குழு அறிக்கை தந்தது. 2019இல் சட்டமானபோது அந்த இணைப்புப் படிப்பு இல்லை. அதைச் செய்தது ஒரே இரவின் கட்டைவிரல் இல்லை, மூன்று மாதம் உட்கார்ந்து கேட்ட ஒரு குழு. ஆனால் மாநில அவைகளில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே போய்விடுகின்றன. யார் 'ஆம்', யார் 'இல்லை' என்ற பதிவே கிடையாது. தன் எம்.எல்.ஏ. ஒரு மருத்துவச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார் என்று காட்பாடிக்காரர் தெரிந்துகொள்ள நினைத்தால் எங்கே போய்ப் பார்ப்பார்?

பிறகு என்ன ஆனது

அந்த ஜூலை 28 காலையிலேயே சூசன் காலின்ஸ் தன் ஊருக்குத் திரும்பினார். பேங்கர் விமான நிலையத்தில் காத்திருந்த பயணிகள் எழுந்து கைதட்டினார்கள். செப்டம்பரில் கிரகாமும் பில் காசிடியும் மீண்டும் ஒரு ரத்து மசோதா கொண்டுவந்தார்கள். கிரகாம் மெக்கெய்னின் மிக நெருங்கிய நண்பர். அதையும் மெக்கெய்ன் எதிர்ப்பதாக அறிவிக்க, வாக்கெடுப்புக்கு வராமலே அது நின்றது. இரு கட்சியும் சேர்ந்து செய்யுங்கள் என்று அவர் கேட்டதற்கு குடியரசுக் கட்சியின் லமர் அலெக்சாண்டரும் ஜனநாயகக் கட்சியின் பேட்டி முர்ரேயும் ஒரு சமரச மசோதா தயாரித்தார்கள். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.

அப்புறம் டிசம்பரில் வரிச் சட்டம் வந்தது. அதன் உள்ளே ஒரு பிரிவு, காப்பீடு இல்லாதவருக்கான அபராதத்தை 2019 முதல் பூஜ்யம் ஆக்கியது. மெலிந்த ரத்தின் நெஞ்சுப்பகுதி அதுதான். செனட்டின் வடிவத்துக்கு மெக்கெய்ன், காலின்ஸ், முர்கோவ்ஸ்கி மூவருமே ஆதரவு. இறுதி வாக்கெடுப்பு நாளில் மெக்கெய்ன் உடல்நிலையால் வரவில்லை, மற்ற இருவரும் ஆதரித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மனம் கசந்தது. ஆனாலும் மெடிக்கெய்ட் விரிவாக்கம் நிலைத்தது, பிரீமியம் கட்ட அரசு தரும் மானியம் நிலைத்தது, நோயாளியை மறுக்கக் கூடாது என்ற விதி நிலைத்தது. தூண் போனபின்னும் கூரை நின்றதற்கு அந்த மானியங்கள் ஒரு காரணம்.

2018 ஆகஸ்ட் 25 அன்று மெக்கெய்ன் இறந்தார். 2001இல் அவரோடு சேர்ந்து நோயாளிகள் உரிமை மசோதா கொண்டுவந்த டெட் கென்னடி இறந்ததும் ஆகஸ்ட் 25, 2009இல். அதே நோய்.

2019 ஆகஸ்டில் வேலூர் மக்களவைத் தொகுதிக்குத் தள்ளிவைத்த தேர்தல் நடந்தது. அதற்கு முன் ஒரு மாலை, சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு ஒரு கட்சித் தொண்டர் துண்டறிக்கையோடு வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "தம்பி, காப்பீட்டுத் திட்டத்துல கை வைக்கிற மாதிரி உங்க கட்சியே ஒரு மசோதா கொண்டாந்தா, உங்க வேட்பாளர் இன்னா பண்ணுவாரு?"

"தலைமை சொல்றதுதான் சார்" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க அம்மாவுக்கே அந்தக் கார்டுலதான் சார் ஆபரேசன் பண்ணாங்க. கேட்டுக்கினு வந்து சொல்றேன்."

வாக்காளர் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.